குடை கொண்டு வரவும்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இது கட்டிவிட்ட கதை அல்ல. 2024 செப்டம்பர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை தொடங்கியது. பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை முடிந்தது. நடந்தது எல்லாம் பட்டப்பகலில். புளியமரம், சுடுகாடு, நாய் ஊளை எதையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஏசி போட்ட ஒரு அறை, சில கம்ப்யூட்டர்கள், ஒரு போன். அவ்வளவுதான்.

ஹெப்ரானுக்கு வயது நாற்பத்தொன்று. பாளையங்கோட்டைக்காரன். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஜெய்சனும் அவனும் சேர்ந்து வெப்சைட்டுகளுக்கு இடம் கொடுக்கும் தொழில் செய்கிறார்கள். வெப்சைட் என்றால் எங்கோ ஆகாயத்தில் மிதக்கிறது என்று ஊரில் பாதிப் பேருக்கு நினைப்பு. மிதக்காது. ஏதாவது ஒரு ஊரில், ஏதாவது ஒரு கட்டடத்தில், இரும்பு அலமாரிக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில்தான் குடியிருக்கும். அதற்குத்தான் சர்வர் என்று பெயர். இவர்களுடைய சர்வர் பேட்டை தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையின் பின்னறையில் இருந்தது.

கல்யாண மண்டபம், அரிசி ஆலை, பீடிக் கம்பெனி என்று பலதும் அதில் உண்டு. ஆனால் முக்கியமானது மரண அறிவிப்பு. சுற்றுவட்டாரத்தில் முப்பத்தொரு சேகரங்களுக்கு, அதாவது சபைகளுக்கு, அதற்கான வெப்சைட்டை ஹெப்ரான்தான் செய்து கொடுத்திருந்தான். யாராவது இறந்துபோனால் சேகரத்து எழுத்தர் விவரத்தைத் தட்டச்சு செய்வார். உடனே சபையார் எல்லோருக்கும் குறுஞ்செய்தி போய்விடும். இன்னார், இத்தனை வயது, இத்தனை மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், அடக்க ஆராதனை மாலை நாலு மணி. அப்படி.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் அந்தப் பட்டறையின் இரண்டாவது படி வரைக்கும் வந்து நின்றது. மூன்றாவது படி ஏறியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அதனால் வெளியூரில், சர்வர்களைப் பத்திரமாக வைத்துப் பராமரிக்கும் நல்ல டேட்டா சென்டராகப் பார்த்துக் குடிபெயர்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். புயலுக்குப் பயந்து சென்னையை ஒதுக்கினார்கள். மிச்சம் மும்பை, ஹைதராபாத். நேரில் பார்க்காமல் ஹெப்ரான் ஒரு செருப்புக்கூட வாங்க மாட்டான். ஜனவரியில் மும்பைக்குக் கிளம்பினான்.

அப்போது அவன் மனைவி கிறிஸ்டி அம்பாசமுத்திரத்தில் அவளுடைய அப்பா வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மும்பையில் ஒருவர் ஜெனரேட்டரைக் காட்டி, கரண்ட் போனால் எத்தனை நொடியில் இது ஓடத் தொடங்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மறுநாள் நாலு மணி அடக்கத்துக்கு, மூன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் மாமனார் சுவிசேஷமுத்து அவன் கையைப் பிடித்தார். ரிட்டயர்டு வாத்தியார். வேறு பிள்ளைகள் இல்லை.

"மாப்ள, கடைசியா அவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. இப்ப வேண்டாம். பைய ஒரு நாள் வாங்க, சொல்லுதேன்."

ஹெப்ரான் போகவில்லை. ஏன் பக்கத்தில் இல்லை என்று அவள் கேட்டிருந்தால்? அதைக் காதால் கேட்க அவனுக்குத் தெம்பில்லை. ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் மாமா போன் பண்ணுவார். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பான். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எட்டு மாதம் ஆகியும் வரவில்லை. நாலு மணிக்கு மதியச் சோறு சாப்பிட்டான். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தால் ஜெய்சன் சொன்ன பிறகு சரி செய்தான். பல் டாக்டர் ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

கிறிஸ்டி சொன்ன அந்த வார்த்தை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது. அதற்கு நகல் கிடையாது. எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவனுக்கு, இது மட்டும் உறைக்கவே இல்லை.

மழைக்காலம் வருவதற்குள் குடிபெயர்ந்தாக வேண்டும் என்று செப்டம்பரில் ஜெய்சன் பிடித்து உலுக்கினான். மும்பையில் ஒரு சர்வர், ஹைதராபாத்தில் ஒரு சர்வர், ஒரு மாத வாடகைக்கு எடுத்தார்கள். பேட்டையில் எது எழுதப்பட்டாலும் இரண்டொரு நொடியில் அதன் நகல் இரண்டு ஊருக்கும் போய்விடும். சோதனைதான் என்பதால் அந்த இரண்டிலிருந்தும் குறுஞ்செய்தி வெளியே போக வழியே வைக்கவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் ஒருநாளும் அசலை முந்தாது. பேட்டையில் எழுதாத எழுத்து மும்பையில் வர வழி இல்லை.

செப்டம்பர் 9. காலை 8.40.

ஹெப்ரான் டீ கிளாசோடு உட்கார்ந்து மும்பை சர்வரைத் திறந்தான். புதிதாக ஒரு அறிவிப்பு இருந்தது.

"களக்காடு சேகரம். திரு. ஞானாபரணம், வயது 81, இன்று பிற்பகல் 2.10 மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை நாளை மாலை 4 மணி. குடை கொண்டு வரவும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். 8.42. இன்று பிற்பகல் இன்னும் வரவே இல்லை. யாரோ தேதியைத் தப்பாக அடித்திருப்பார்கள் என்று பேட்டை சர்வரைப் பார்த்தான். அங்கே அப்படி ஒரு அறிவிப்பே இல்லை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய கட்டமும் காலி. டீயைக் குடித்து முடித்தான். அதை அப்படியே விட்டுவிட்டான்.

பிற்பகல் 2.52க்குக் களக்காட்டு எழுத்தர் பேட்டை சர்வரில் அறிவிப்பை ஏற்றினார். ஞானாபரணம், 81, 2.10. எழுத்துக்கு எழுத்து அதே. கடைசி வரி மட்டும் இல்லை. அசல் போய்ச் சேர்ந்ததும் மும்பையிலும் அந்த வரி அழிந்துவிட்டது.

குடை கொண்டு வரவும்.

அந்த வரியை எந்த எழுத்தரும் எழுத மாட்டார். எழுதுகிற ஆள் ஒருத்திதான் இருந்தாள். கிறிஸ்டி ஆறு வருடம் தன் சேகரத்துக்குச் சம்பளமில்லாமல் இந்த அறிவிப்புகளை அடித்துக் கொடுத்தாள். நாலு மணி வெயிலில் கல்லறைத் தோட்டத்தில் வயசானவர்கள் தலைசுற்றி விழுகிறார்கள் என்று அவளாக அந்த வரியைச் சேர்ப்பாள். மரண அறிவிப்பா, வானிலை அறிக்கையா என்று ஹெப்ரான் கேலி செய்வான். அவளுடைய மரண அறிவிப்பை வேறு யாரோ அடித்தார்கள். அதில் அந்த வரி இல்லை. அன்றைக்கு நல்ல வெயில்.

ஜெய்சனிடம் சொன்னான். ஜெய்சன் சிரித்தான்.

"ஏலே, புது சர்வர் எல்லாம் கிரீன்விச் நேரத்துலதான் வரும். நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால. ரெண்டு பத்துல அஞ்சரையைக் கழிச்சா எட்டு நாப்பது. இதுல என்ன இருக்கு?"

"நான் காலைல பாத்தேன்லே."

"மதியம் பாத்திருப்ப. உனக்கு இப்பல்லாம் காலை எது, மதியம் எதுன்னு தெரியுதா?"

தெரியவில்லை என்பது உண்மைதான். கழித்தல் சரியாகத்தான் வந்தது. கடிகாரம் தப்பாக ஓடினால் நேரம் தப்பாகக் காட்டும், சரி. நடக்காத சாவை எப்படிக் காட்டும்?

செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. காலை 10.15.

"ஜெய்சா, இங்கன வா."

ஜெய்சன் வந்து திரையைக் குனிந்து பார்த்தான். முக்கூடல். திருமதி சாரம்மாள், வயது 77. இன்று பிற்பகல் 3.45 மணிக்கு. குடை கொண்டு வரவும்.

"யாரோ விளையாடுதானுவ," என்றான் ஜெய்சன்.

"முக்கூடலுக்கு போன் பண்ணட்டா?"

"பண்ணி? அந்தம்மா மூணே முக்காலுக்குச் செத்துருவாங்கன்னு சொல்லப் போறியா?"

போன் பண்ணவில்லை. இருவரும் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. லேத் பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 3.45 ஆயிற்று. 4.00 ஆயிற்று. ஜெய்சன் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கினான்.

4.26.

பேட்டை சர்வரில் ஒரு அறிவிப்பு ஏறியது. முக்கூடல். சாரம்மாள். 77. 3.45.

குடை வரி இல்லை.

ஜெய்சன் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் அந்த அறையில் தனியாக உட்காரவில்லை. பதினெட்டாம் தேதி புதன்கிழமை சாயங்காலம் மும்பைதான் நல்லது என்று முடிவாயிற்று. ஹைதராபாத்தை மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்போதே ஜெய்சன் மும்பை சர்வரின் கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றினான். ஹைதராபாத்தைத் தொடவில்லை. வேண்டாம் என்று விட்டதை யார் தொடுவார்கள்?

"இனிமே அது வராதுலே," என்றான்.

வேண்டாம்லே, மாத்தாதே என்று ஹெப்ரானுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் அடித்த வரி ஒன்று எங்கிருந்தோ வருகிறது, அதை நிறுத்தாதே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஜெய்சன் டாக்டரிடம் கூட்டிப் போவான்.

செப்டம்பர் 19. வியாழக்கிழமை.

காலை 9.52. போன் அடித்தது. "மாமா" என்று காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை அல்ல. அது ஹெப்ரானுக்குத் தெரிந்தது. தெரிந்தும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

10.31. மறுபடியும் மாமா. எடுக்கவில்லை.

12.04. மறுபடியும். இந்தத் தடவை நெடுநேரம் அடித்தது. ஜெய்சன்கூட ஏறிட்டுப் பார்த்தான். ஹெப்ரான் கை நீட்டினான். தொடுவதற்குள் நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிடலாம் என்று நினைத்தான். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தான். பிறகு அதையும் மறந்துபோனான்.

பிற்பகல் 3.20.

மும்பை சர்வர் திறந்துதான் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புது வரி வந்து விழுந்தது.

"அம்பாசமுத்திரம் சேகரம். திரு. சுவிசேஷமுத்து, வயது 74, இன்று பிற்பகல் 3.20 மணிக்கு..."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். 3.20.

பேட்டை சர்வரைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

"...குடை கொண்டு வரவும்."

இந்தத் தடவை ஐந்தரை மணி நேரம் மிச்சம் இல்லை. ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஐந்தரை மணியைத்தான் நேற்றுச் சாயங்காலம் இவர்களே திருத்திவிட்டார்களே.

மாமாவுக்கு போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மறுபடியும் போட்டான். அதே.

ஜெய்சனின் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சுத்தமல்லி தாண்டினான். வெயில் தார் ரோட்டில் தகதகத்தது. எதிரே வந்த பஸ்காரன் ஏதோ திட்டிவிட்டுப் போனான். சேரன்மகாதேவிக்குள் நுழையும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. விடாமல் அதிர்ந்தது. ஜெய்சனாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. வண்டியை நிறுத்தினால் நேரம் போய்விடும்.

வீரவநல்லூர். கல்லிடைக்குறிச்சி. ஆற்றுப் பாலம்.

4.15.

வாசலில் ஏழெட்டுச் செருப்புகள் கிடந்தன.

மாமா முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் படுக்கவைக்கவில்லை. சலவைச் சட்டை, வெள்ளை வேட்டி. தலை சீவியிருந்தது. ஒரு கையில் போன்.

மடியில் குறுக்காக... ஒரு குடை.

பக்கத்து வீட்டுப் பெண் பாத்து சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். வாத்தியாருக்கு இரண்டு வேளை டீ கொண்டுவந்து கொடுக்கிறவள் அவள்தான்.

"இப்பத்தான் வந்தியளா தம்பி? காலைலருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"காலைலருந்தா?"

"பத்து மணிக்கு முன்னாடியே. நான் டீ கொண்டாந்து குடுக்கேன், போன்ல ஏதோ மெசேஜ் வந்துச்சு. படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. பொறவு சிரிச்சாரு தம்பி. 'எம்மவ அனுப்பியிருக்கா'ன்னாரு. உடனே உங்களுக்கு போனப் போட்டாரு. குளிச்சாரு, சலவைச் சட்டை எடுத்துப் போட்டாரு, குடைய எடுத்து வச்சுக்கிட்டாரு. 'மாப்ள வந்துருவாரு, அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்'னு அதே பேச்சு. திரும்பவும் போட்டாரு. நீங்க எடுக்கலியே."

ஹெப்ரான் நாற்காலிக்கு முன்னால் போய்க் குந்தினான்.

"எங்கிட்டயாவது சொல்லுங்களேன் வாத்தியாரேன்னு கேட்டேன். 'அது அவருக்கு உள்ளது பாத்து, அவருகிட்டதான் சொல்லணும்'னுட்டாரு."

அழுகை அப்போதும் வரவில்லை. மாமாவின் விரல்களைப் பிரித்துப் போனை எடுத்தான். திரை கறுத்துக் கிடந்தது.

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். எல்லோரும் போன பிறகும் ஹெப்ரான் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் நின்றான். வெயிலில் மகளும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்தில். யாருக்குக் குடை பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் பிடித்தான்.

மூன்று நாள் கழித்து மாமாவின் போனை சார்ஜில் போட்டான். அந்தச் செய்தி இருந்தது. அவருடைய மரண அறிவிப்பேதான். 3.20 என்று மணி போட்டது. குடை வரி உள்ளது. வந்து சேர்ந்த நேரம் காலை 9.50. அனுப்பியவர் என்ற இடத்தில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

தன் சாவை வாசித்துவிட்டுத்தான் அவர் சிரித்திருக்கிறார். ஐந்தரை மணி நேரத்தை அவர் பயப்படச் செலவழிக்கவில்லை. மகள் கொடுத்துப்போன ஒரு வார்த்தையைச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்க்கச் செலவழித்தார். மூன்று தடவை போன் போட்டார்.

ஹெப்ரான் ஹைதராபாத் சர்வரைத் திறந்து பார்த்தான். இருவரும் வேண்டாம் என்று ஒதுக்கிய சர்வர். கடிகாரம் திருத்தாத சர்வர். அறிவிப்பு அதில் காலை 9.50க்கே வந்து கிடந்திருக்கிறது. அதன் எதிரே, குறுஞ்செய்தி ஒரு எண்ணுக்கு அனுப்பப்பட்டது என்று பதிவாகியிருந்தது. ஒரே எண். மாமாவுடையது. அங்கிருந்து குறுஞ்செய்தி போக வழியே வைக்கவில்லை என்று முன்பே சொன்னேன். ஜெய்சன் மூன்று நாள் உட்கார்ந்து தேடினான். வழி இல்லவே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் ஹெப்ரான் ஒருவேளை தாங்கியிருப்பான்.

வழியில் பைக்கில் வரும்போது அடித்தாயே, என்ன விஷயம் என்று ஜெய்சனிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டான்.

"நான் எங்கலே அடிச்சேன்?"

ஹெப்ரான் தன் போனில் பழைய அழைப்புகளைத் தேடினான்.

பத்தொன்பதாம் தேதி. எடுக்காமல் விட்ட அழைப்புகள் நாலு.

9.52. மாமா.

10.31. மாமா.

12.04. மாமா.

3.41. மாமா.

சேரன்மகாதேவியில் அதிர்ந்தது அதுதான். 3.20க்கு உயிர் போன மனிதர், 3.41க்கு.

அம்பாசமுத்திரத்துக்கு ஓடினான். பாத்துவிடம் கேட்டான். அவருடைய போனிலிருந்து நீங்கள் யாராவது கூப்பிட்டீர்களா?

"இல்ல தம்பி. அல்லா சத்தியமா யாரும் தொடல. அது அவரு கையிலல்லா இருந்துச்சு? நீங்கதானே வந்து எடுத்தீங்க? அன்னைக்கு மாசாந்திரம் கரண்ட் கட்டு, காலைல ஒம்பது மணிக்குப் போனது அஞ்சு மணிக்குத்தான் வந்துச்சு. பன்னெண்டேகாலுக்கே அவரு போன் செத்துப்போச்சு. 'எம் போனும் போச்சே பாத்து, இனி எப்படிக் கூப்பிடுவேன்'னு பொலம்புனாரு."

மாமாவின் போனில் பார்த்தான். அவர் கூப்பிட்டது மூன்று தடவைதான். 3.41 அதில் இல்லை.

ஹெப்ரான் இன்றும் பேட்டையில்தான் இருக்கிறான். வெப்சைட்டுகள் எல்லாம் மும்பைக்குப் போய்விட்டன. ஹைதராபாத் சர்வரை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் கடிகாரத்தை யாரையும் தொட விடுவதில்லை. அதற்குப் பிறகு அதில் எதுவும் முந்தி வந்ததில்லை.

போனைச் சட்டைப் பையில் வைக்கும் வழக்கம் போய்விட்டது. கையிலேயே வைத்திருக்கிறான். குளிக்கப் போனாலும் ஜன்னலில் தெரிகிற மாதிரி வைக்கிறான். யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறான். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். அவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பான்.

மாமாவின் எண்ணிலிருந்து ஐந்தாவது அழைப்பு வரவில்லை.